"ஒப்புக்கொள்ளப்படுகிறது" – யாரால்?

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிற்றூர்ச் சபை ஒன்றில் மூன்று நாள் வேதபாட வகுப்பு நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பழைய ஏற்பாட்டு நூல்கள் எவ்வாறு தொகுக்கப்பெற்றன என்பது இரண்டாம் நாள் பாடம். "கி.பி. 90-ஆம் ஆண்டளவில் யாம்னியா என்னும் ஊரில் கூடிய யூத ரபிமார் சங்கத்தில் எபிரேயத் திருமறையின் எல்லை முடிவு செய்யப்பட்டது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது" என்று என் குறிப்பேட்டில் இருந்தவாறே கூறினேன். வகுப்பு முடிந்தபின் சபை மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். "ஐயா, ஒப்புக்கொள்ளப்படுகிறது என்றீர்களே, யார் ஒப்புக்கொள்ளுகிறார்கள்?" என்று கேட்டார். "அறிஞர்கள்" என்றேன். "எந்த அறிஞர்கள், ஐயா? எதை வைத்து ஒப்புக்கொள்ளுகிறார்கள்?" என்றார். குறும்புக்காக அவர் கேட்கவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் கேட்டார். என்னிடம் விடை இல்லை. இருபது ஆண்டுகளாக அவ்வாக்கியத்தைச் சொல்லி வந்த எனக்கு, அதை எந்த ஆங்கில நூலிலிருந்து முதன்முதலில் எடுத்தெழுதினேன் என்பதுகூட நினைவில் இல்லை.

அவ்விடையைத் தேடப் புகுந்தபோது, யாம்னியாவைப் பற்றிக் கற்றதைவிட ஆங்கில வாக்கியத்தைப் பற்றியே நான் மிகுதியாகக் கற்றேன். நம் இறையியல் மாணவரும் ஆயரும் படிப்பவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. அல்லது ஆங்கிலத்தினின்று தமிழுக்கு வந்தது. அந்நூல்களில் கருத்துகளை மட்டும் நாம் பெறுவதில்லை. கருத்தைக் கூறும் ஒரு வகைத் தொனியையும் உடன் பெறுகிறோம். அத்தொனியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் வாக்கியத்திற்கு எழுவாய் இன்றியமையாதது. சொல்வதற்கு எழுவாய் ஒன்றும் இல்லாதபோது 'இட்' என்னும் சிறு சொல்லை அவ்விடத்தில் நிறுத்துவர். மழை பெய்கிறது என்பதற்கும் அவர்களுக்கு அச்சொல் வேண்டும். பெய்விப்பவர் யார் என்று அவ்வாக்கியத்தில் தேடுவது வீண். அதே வெற்றுச் சொல்லை முன்னே நிறுத்தி, அதன்பின் செயப்பாட்டுவினை ஒன்றை அமைத்து, 'இட் இஸ் ஜெனரலி அக்ரீட்' என்று ஒருவர் எழுதும்போது, மனிதர் சிலருடைய கருத்தும் மழையைப்போல் வானத்தினின்று தானே இறங்குவதாகிவிடுகிறது. உடன்பட்டவர் எத்தனை பேர், எப்போது உடன்பட்டனர், உடன்படாதவர் யார் என்னும் கேள்விகளுக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை.

இத்தொடர்கள் பலதரத்தன. "எண்ணப்படுகிறது" என்பது அவற்றுள் அடக்கமானது. ஐயத்திற்குச் சிறிது இடம் வைக்கும். "பரவலாக ஏற்கப்படுகிறது" என்பது ஒரு கூட்டத்தையே நம் முன் கொண்டுவந்து நிறுத்தும். ஆயின் அக்கூட்டத்தில் ஒருவருக்கும் முகம் இராது. "மறுக்கப்பட இயலாது" என்பது அச்சுறுத்தல். இவை எல்லாவற்றிலும் நுட்பமானது "நினைவிற்கொள்ளப்பட வேண்டும்" என்பது. படிப்பவன் ஒருபோதும் அறிந்திராத ஒன்றை, அறிந்து மறந்துவிட்டவன்போல் அவனை எண்ணச்செய்து, அவனுடைய நாணத்தைக் கொண்டே அவன் வாயை அடைத்துவிடும். முதலாண்டு மாணவன் ஒருவன் இத்தொடரைக் கண்டு, "எனக்கு இது தெரியாதே" என்று வெட்கத்துடன் அடிக்கோடிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் இட்டிருக்கிறேன்.

ஒரே நூலுக்குள் இத்தொடர்கள் எவ்வாறு வளர்கின்றன என்று பார்ப்பது பயன்தரும். முதல் அதிகாரத்தில் "என்று எண்ண இடமுண்டு" என்று நுழையும் ஒரு கருத்து, மூன்றாம் அதிகாரத்தில் "மேலே காட்டப்பட்டதுபோல்" என்னும் உடை அணிந்துகொள்ளும். ஆறாம் அதிகாரத்தில் "ஆதலால்" என்னும் சொல்லின் முன் நின்று வேறொரு கருத்துக்குச் சான்றாகிவிடும். இடையில் புதிய ஆதாரம் எதுவும் வந்திராது, பக்கங்கள்தாம் புரண்டிருக்கும்.

ஆங்கில இலக்கியத்தார் இதை அறியாதவர் அல்லர். ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-இல் வெளியிட்ட 'பெருமையும் தப்பெண்ணமும்' என்னும் புதினம், உலகனைத்தும் ஏற்றுக்கொண்ட உண்மை என்று ஒன்றை அறிவித்தே தொடங்குகிறது. அந்த உலகம் எதுவென்றால், மணமாகாத பெண்மக்களையுடைய அண்டை வீட்டுத் தாய்மார். அவ்வளவுதான். தொடரின் கம்பீரத்திற்கும் அதன் பின்னுள்ள ஆட்களுக்கும் இடையேயுள்ள தூரத்தில்தான் நகைச்சுவை பிறக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்னும் கட்டுரையில், செய்வினை பொருந்தும் இடத்தில் செயப்பாட்டுவினையை ஒருபோதும் ஆளாதே என்று விதித்தார். அக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே, பொதுவாகக் கொள்ளப்படுகிறது என்னும் பொருளுடைய தொடர் ஒன்று இருக்கிறது என்று சுட்டி நகைப்பார் உளர். நகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ஆர்வெல் அங்கு அத்தொடரை ஆண்டது, பிறர் கொண்டிருக்கும் எண்ணத்தை எடுத்துக்காட்டி அதை உடைப்பதற்காகவே. தாம் சாய்ந்துகொள்வதற்காக அன்று. இவ்வேறுபாடு முக்கியமானது. ஆர்வெலின் விதியை அப்படியே ஏற்க எனக்கும் மனமில்லை.

ஏனெனில், வினைமுதலை மறைப்பது எங்கும் குற்றமன்று. நியூட்டன் 1704-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒளியியல் நூலில் தம் சோதனைகளை "நான்" என்றே கூறுகிறார். தாம் எடுத்த பட்டகம், தாம் இருட்டாக்கிய அறை என்று தன்மையிலேயே எழுதுகிறார். பின்வந்த அறிவியலார் அந்த "நானை" நீக்கிச் செயப்பாட்டில் எழுதப் பழகினர். அதற்குத் தக்க காரணமுண்டு. நீர் சூடாக்கப்பட்டது என்னும்போது சூடாக்கியவர் யாராயிருப்பினும் நீர் அதே நிலையில்தான் கொதிக்கும். ஒருவரை எடுத்துவிட்டு மற்றொருவரை வைத்தாலும் முடிவு மாறாத இடத்தில் வினைமுதல் மறையலாம். அங்கு மறைவு நேர்மையானது. ஆயின் யோவான் நற்செய்தி எப்போது எழுதப்பெற்றது என்பது நீரைச் சூடாக்குவது போன்றதன்று. அங்கு எண்ணுகிறவர் யார், எதை முன்வைத்து எண்ணுகிறார் என்பதே சான்றின் ஒரு பகுதி. சோதனைக்கூடத்தின் வாக்கிய அமைப்பைத் திறனாய்வாளர் கடன் வாங்கியபோது, சோதனைக்கூடத்தின் உறுதியையும் உடன் கொண்டு வந்துவிட்டனர். அதற்கான சோதனை மட்டும் வரவில்லை.

இனி யாம்னியாவுக்கு வருவோம். கி.பி. 70-இல் எருசலேம் வீழ்ந்தபின் யோகனான் பென் சக்காய் முதலிய ரபிமார் அவ்வூரில் கூடி யூத சமயக் கல்வியைத் தொடர்ந்தனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரபிமார் மரபே அதைக் கூறுகிறது. அங்கு ஒரு சங்கம் கூடித் திருமறையின் எல்லையை வகுத்தது என்னும் கொள்கையை முன்வைத்தவர் ஹைன்ரிக் கிரேட்ஸ் என்னும் வரலாற்றாசிரியர். 1871-இல் பிரசங்கி நூலுக்குத் தாம் எழுதிய விளக்கவுரையின் பின்னிணைப்பில் அதை அவர் ஒரு கருதுகோளாகவே வைத்தார். ஹெர்பர்ட் ரைல் 1892-இல் வெளியிட்ட, பழைய ஏற்பாட்டுத் தொகுதி பற்றிய நூல், அக்கொள்கை ஆங்கில மாணவரிடையே பரவிய வழிகளுள் ஒன்று. அதன்பின் பாடநூல்கள் தோறும், கலைக்களஞ்சியங்கள் தோறும் அது இடம்பெற்றது. கிரேட்ஸின் பெயர் உதிர்ந்தது; பின்னிணைப்பு உதிர்ந்தது; "எனக்குத் தோன்றுகிறது" என்பது உதிர்ந்தது. எஞ்சியது, "ஒப்புக்கொள்ளப்படுகிறது."

ஜாக் லூயிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1964-இல் கட்டுரை ஒன்று எழுதினார். யாப்னே என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்லுகிறோம் என்பதே அதன் தலைப்பிலுள்ள கேள்வி. அவர் செய்தது வியப்பான புலமைச் செயல் எதுவுமன்று. மூல ஆவணங்களைத் திறந்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். சங்கம் என்று ஒன்று இல்லை. கிறிஸ்தவத் திருச்சபையின் மாமன்றங்களை மனத்திற்கொண்டு பிற்காலத்தார் இட்ட பெயர் அது. நூல்களின் பட்டியல் ஒன்றும் அங்கிருந்து வெளிவரவில்லை. பிரசங்கியும் உன்னதப்பாட்டும் "கைகளைத் தீட்டுப்படுத்துமா", அஃதாவது தூய நூல்களின் வரிசையில் சேருமா, என்ற விவாதமே உண்டு. விவாதம் அங்கு முடியவும் இல்லை.

அவ்விவாதம் பதிவாகியுள்ள இடம் மிஷ்னாவில் யாதாயிம் என்னும் பகுதி, மூன்றாம் அதிகாரம், ஐந்தாம் பத்தி. ஆயர்கள் ஒருமுறை அதை எடுத்துப் படிக்க வேண்டுகிறேன். அங்குக் கருத்து எதுவும் பெயரில்லாமல் வருவது அரிது. ரபி யூதா இன்னது சொல்லுகிறார். ரபி யோசே இன்னது சொல்லுகிறார். ரபி சீமோன் வேறொன்று சொல்லுகிறார். பென் அசாய் என்பவர், எலெயாசர் பென் அசரியா கல்விக்கூடத்தின் தலைவராக அமர்த்தப்பட்ட நாளில் எழுபத்திரண்டு மூப்பரிடமிருந்து தாம் பெற்ற மரபு இது என்று, பெற்ற இடத்தையும் நாளையும் குறித்தே கூறுகிறார். ரபி அக்கீபா குறுக்கிட்டு, உன்னதப்பாட்டைப் பற்றி இஸ்ரவேலில் எவரும் ஐயுற்றதே இல்லை என்று சூளுரைக்கிறார். (ஐயுற்றவர் பெயர்கள் அதே பத்தியில் சற்று மேலே இருக்கின்றன! மிகைப்படுத்துவது ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று.) அப்பத்தியில் பேசும் யூதாவும் யோசேயும் அக்கீபாவின் மாணாக்கர், யாம்னியாவுக்கு இரண்டு தலைமுறை பிற்பட்டவர். அப்போதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

இதில் எனக்கு உறைத்தது யாதெனில், ஒவ்வொரு சொல்லுக்கும் உரியவரின் பெயரை விடாமல் காத்த ஒரு நூலை ஆதாரமாகக் கொண்டு, ஒரு பெயரும் இல்லாத வாக்கியம் ஒன்றை நாம் உண்டாக்கியிருக்கிறோம் என்பதே. மிஷ்னா கருத்து வேற்றுமையைப் பாதுகாத்தது. பாடநூல் அதை அழித்தது. அழித்தவர் தீய எண்ணமுடையவர் அல்லர். இடம் குறைவு, மாணவருக்குத் தெளிவு வேண்டும், தேர்வில் ஒரு ஆண்டு எழுதவேண்டும். இவ்வாறே அது நேர்ந்தது.

ஒரு கற்பிதத்தை உடைப்பவரும் மற்றொன்றின்மேல் நின்றே உடைப்பதுண்டு. லூயிஸின் கட்டுரை வெளிவந்த அதே 1964-இல் ஆல்பர்ட் சண்ட்பர்க் என்பவரின் நூல் ஒன்றும் வெளிவந்தது. அலெக்சாந்திரிய யூதருக்குத் தனியே விரிந்த திருமறைத் தொகுதி ஒன்று இருந்தது என்னும் பழைய கருத்தை அவர் நன்கு தகர்த்தார். ஆயின் எபிரேயத் தொகுதி நிறைவுற்றது யாம்னியாக் காலத்தில் என்பதை அவரும் உடன்கொண்டே நடந்தார்.

இது வெறும் நாள்கணக்குப் பற்றிய வழக்கு அன்று. தள்ளுபடி ஆகமங்களைப்பற்றிக் கத்தோலிக்கச் சகோதரருடன் நாம் நடத்திய விவாதங்களில் இரு தரப்பாரும் யாம்னியாவை ஆயுதமாக எடுத்திருக்கின்றனர். யூதர் தம் சங்கத்தில் எல்லையை வகுத்துவிட்டனர் என்று ஒருவர்; அதற்கு முன்னரே திருச்சபை விரிந்த தொகுதியைப் பெற்றுவிட்டது என்று மற்றவர். கூடாத சங்கம் ஒன்றின் தீர்மானத்தைக் குறித்து இவ்வளவு வழக்கு.

அடுத்து, ஒத்தமை நற்செய்திகளைப் பற்றிய பாடம். மாற்குவே முதலில் எழுதப்பெற்றது என்பதற்கு நிகழ்ச்சிகளின் வரிசையை ஒரு சான்றாகக் காட்டுவது வழக்கம். ஸ்டிரீட்டர் 1924-இல் வெளியிட்ட 'நான்கு நற்செய்திகள்' என்னும் நூலிலும் அது ஐந்து காரணங்களுள் ஒன்றாக உள்ளது. மத்தேயு மாற்குவின் வரிசையை விட்டு விலகும் இடத்தில் லூக்கா மாற்குவுடன் நிற்கிறார். லூக்கா விலகும் இடத்தில் மத்தேயு நிற்கிறார். ஆகவே மாற்குவே மூலம் என்பது வாதம். இதன் வேர் 1835-இல் கார்ல் லாக்மன் இலத்தீனில் எழுதிய கட்டுரை. லாக்மன் சொன்னதோ வேறு. மூன்று நற்செய்திகளுக்கும் முன்னே பொதுவான மரபு ஒன்று இருந்தது என்று கொண்டு, அம்மரபின் வரிசையை மாற்குவே நன்கு காத்திருக்கிறார் என்றார். பின்வந்தோர் அந்த முன் மரபைக் கைவிட்டனர். அதன்மேல் கட்டிய முடிவை மட்டும் வைத்துக்கொண்டனர். அடித்தளம் போனபின் அவ்வாதம் எத்திசையிலும் செல்லும். மாற்கு மற்ற இருவருக்கும் நடுவில் நிற்கிறார் என்பது மட்டுமே வரிசை காட்டும் உண்மை. அவர் முதல்வராயினும் அப்படி நிற்கலாம். மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் இடையில் எழுதியவராயினும் நிற்கலாம். கிரீஸ்பாக் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கருதியதுபோல் இருவரையும் பார்த்துக் கடைசியில் எழுதியவராயினும் நிற்கலாம்.

1951-இல் பட்லர் என்னும் பெனடிக்டு சபைத் துறவி இதைச் சுட்டிக்காட்டி, அதற்கு 'லாக்மன் தவறு' என்று பெயரிட்டார். 1964-இல் வில்லியம் ஃபார்மர் இக்கொள்கையின் வரலாற்றையே நூலாக எழுதினார். அத்தவறு லாக்மனுடையது அன்று என்பது பின்னர்க் காட்டப்பட்டது. காட்டியவர், அவருடைய இலத்தீன் கட்டுரையை நேரில் படித்தவர்கள் – என்று உடனே சேர்த்துவிடுகிறேன். இக்கட்டுரையை எழுதும்போதும் அவ்வாக்கிய அமைப்பு என் கையை விட்டுப் போகவில்லை. பிழை செய்தவர்கள் செயப்பாட்டுவினைக்குள் மறைந்துகொண்டனர். பெயரிட்டு எழுதிய மனிதரோ அவர்களுடைய பழியைச் சுமந்தார். பெயரிட்டு எழுதுவதில் இந்த இடரும் உண்டு.

மாற்குவே முந்தியது என்பதை நான் இன்றும் ஏற்கிறேன். மாற்கு 10:18-இல் உள்ள கடினமான விடையை மத்தேயு 19:17-இல் மென்மையாக்கப்பட்ட வடிவில் காண்கிறோம். கடினமானதை மென்மையாக்குவது எளிது. மென்மையானதைக் கடினமாக்க எவரும் முற்படார் என்பது என் எண்ணம். இதைப் போன்ற இடங்கள் பல உள்ளன. ஆனால் இவ்வாறு கூறும்போது என்னை மறுக்க விரும்புகிறவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரிகிறது. "ஒப்புக்கொள்ளப்படுகிறது" என்னும் வாக்கியத்தில் கை வைக்க இடமில்லை; வழுக்கிவிடும்.

மற்ற எடுத்துக்காட்டுகளை நீட்ட விரும்பவில்லை. 1976-இல் ஜே. ஏ. டி. ராபின்சன், புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவும் கி.பி. 70-க்கு முன் எழுதப்பெற்றவை என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 1963-இல் 'தேவனுக்கு நேர்மையாக' என்னும் நூலால் திருச்சபையைக் கலக்கிய அதே பேராயர்தாம். பழமைவாதி என்று அவரை ஒதுக்க முடியாது. பிந்திய காலக்கணிப்புகள் எதன்மேல் நிற்கின்றன என்று விளையாட்டாகத் தேடத் தொடங்கியதாக அவரே கூறுகிறார். தேடியபோது, ஒரு கணிப்பு மற்றொன்றின்மேலும் அது பிறிதொன்றின்மேலும் சாய்ந்து நிற்கக் கண்டார். சி. எச். டாட் தமக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் அந்நூலின் இறுதியில் சேர்த்துள்ளார்; அம்முதுபெரும் அறிஞரும் இவ்வையத்தில் பங்குகொள்வதை அதில் காணலாம். ராபின்சனின் முடிவுகளைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் அவர் வெகுதூரம் சென்றுவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆயின் அவர் கேட்ட கேள்விக்குப் பலர் விடையளிக்கவில்லை. முடிவை மட்டும் மறுத்தனர். 1998-இல் ரிச்சர்ட் பாக்கம், ஒவ்வொரு நற்செய்தியும் ஒரு தனிச் சமூகத்திற்காக எழுதப்பெற்றது என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு, இதை எவரேனும் முறையாக வாதித்து நிறுவியிருக்கின்றனரா என்று தேடினார். ஏறக்குறைய ஒருவரும் இல்லை என்றார். நம் மாணவர் 'மத்தேயுவின் சமூகம்', 'யோவானின் சமூகம்' என்று அவ்வூர்களுக்கே போய்வந்தவர்போல் எழுதுகின்றனர்.

இங்கு ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றையும் எல்லாரும் அடியிலிருந்து நிறுவ இயலுமா? மாணவன் ஒருவன் எபிரேயம், கிரேக்கம், சீரியம் அனைத்தும் கற்று, மூல ஆவணங்களைத் திறந்த பின்னரா பிரசங்கம் செய்வது? அறிஞர் பலர் ஒத்துக்கொண்டதை நம்பி மேலே செல்வதுதானே கல்வி? உண்மைதான். ஒத்த கருத்தை நான் இகழவில்லை. பல காலம், பல நாட்டார், பல சபைப் பிரிவினர் ஆய்ந்து ஒரு முடிவிற்கு வந்தனர் எனில் அது பெரிய சான்று. ஆயின் அது சான்றாவதே அவர்கள் பலராயும் வெவ்வேறானவராயும் இருப்பதனால்தான். ஒரே பாடநூலைப் படித்த இருபது பேர் அதையே திரும்பச் சொல்வது இருபது சாட்சியன்று; ஒரு சாட்சியின் இருபது எதிரொலி. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய விடாதபடி செய்வதே எழுவாயற்ற வாக்கியத்தின் தீங்கு.

திருமறையிலும் வினைமுதல் மறைந்த வாக்கியங்கள் நிறைய உண்டு என்று மாணவர் கூறுவர். உண்டு. யோவாக்கிம் எரேமியாஸ் 1971-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு இறையியல் நூலில், ஆண்டவரின் மொழிகளில் மிகுதியாய் வரும் 'தெய்வீகச் செயப்பாட்டை' விரித்துரைக்கிறார். மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் "கொடுக்கப்படும்", "திறக்கப்படும்" என்னும்போது கொடுப்பவரும் திறப்பவரும் கடவுளே; அவர் பெயரைச் சொல்லாதது பயபக்தி. அங்கு மறைந்திருப்பவர் யாரென்று கேட்போர் அனைவருக்கும் தெரியும். ஆங்கிலத் திறனாய்வில் மறைந்திருப்பவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே இலக்கண வடிவம் ஓரிடத்தில் வணக்கமாகவும் மற்றோரிடத்தில் ஒளிவிடமாகவும் அமைவது காண்க. மேலும், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், முன்னோருக்கு "உரைக்கப்பட்டது" என்று செயப்பாட்டில் தொடங்கும் ஆண்டவர், உடனே "நான்" என்று தம்மையே எழுவாயாக நிறுத்திப் பேசுகிறார். கேட்ட மக்கள் வியந்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பவுல் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார். 1 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தை ஒரு திறனாய்வு மாணவனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். பத்தாம் வசனத்தில், இது தம் கட்டளையன்று, கர்த்தருடையது என்கிறார். பன்னிரண்டில், இது கர்த்தருடையதன்று, தம்முடையது என்கிறார். இருபத்தைந்தில், இதற்குக் கர்த்தரின் கட்டளை தம்மிடம் இல்லை. தம் அபிப்பிராயத்தைச் சொல்லுவதாகக் கூறுகிறார். அதிகாரம் முடியுமுன், தமக்கும் தேவ ஆவி உண்டென்று எண்ணுவதாக ஒரு சொல் சேர்க்கிறார். எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு கட்டளையாக எழுதியிருந்தால் கொரிந்துவில் அவருக்கு வேலை எளிதாயிருந்திருக்கும்.

நம் தமிழுக்கு வருகிறேன். இடையன்குடியில் ஊழியம் செய்த பேராயர் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் செயப்பாட்டுக்கெனத் தனி வினை வடிவம் இல்லை என்று எழுதினார். 'படு' என்னும் வேறொரு வினையின் துணைகொண்டே அதை அமைக்கிறோம். இன்றும் வயலிலோ கடைத்தெருவிலோ எவரும் "கருதப்படுகிறது" என்று பேசுவதில்லை, "சொல்லுகிறார்கள்" என்பர். அங்கும் பெயரில்லை. ஆயினும் ஆள் இருக்கிறது, "யார் சொல்லுகிறார்கள்?" என்று கேட்க வழியிருக்கிறது. நம் மூப்பருக்கு அக்கேள்வி எளிதாக எழுந்தது தமிழ்ச் செவியால் என்றே நினைக்கிறேன். தொல்காப்பியர் "என்ப" என்றும் "என்மனார் புலவர்" என்றும் முடிக்கும்போது பெயர் சொல்லாவிட்டாலும், சொன்னவர் உளர் என்பதையேனும் மறைக்கவில்லை. அதைக் குற்றமற்றது என்று நான் சாதிக்கவில்லை; எந்தப் புலவர் என்று கேட்பதும் நியாயமே.

ஆங்கில நூல்களைத் தழுவிப் பாடம் எழுதும் நம்மவர், ஐம்பது பக்கத்தில் நூறு "படுகிறது" வைத்து எழுதுகின்றனர். மொழிநடை பற்றிய குறையாக மட்டும் இதைத் தமிழாசிரியர் சொல்லுவர். எனக்கு அது சிறிய குறை. ஆங்கிலம் படிப்பவன் விரும்பினால் அடிக்குறிப்பைப் பார்த்து மறைந்தவரைக் கண்டுபிடிக்கலாம். தமிழாக்கத்தில் அடிக்குறிப்பையும் விட்டுவிடுகிறோம். சிற்றூர் ஆயரின் கையில் போய்ச் சேரும்போது கருதுகோள் கட்டளையாகியிருக்கும். அவர் அதைச் சபையாரிடம் சொல்லுவார். அல்லது, அறிஞர் வேதத்தைக் கெடுக்கின்றனர் என்று முழுவதையும் தள்ளிவிடுவார். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். எது பெரிய இழப்பு என்று சொல்லத் தெரியவில்லை. நம் இதழ்களில் நாம் கைவிடாத "ஈண்டு நோக்கத்தக்கது" என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை ஒரு கட்டுரையில் ஒரு முறைக்கு மேல் எழுதுவதில்லை என்று நான் அண்மையில் உறுதி செய்துகொண்டேன். இக்கட்டுரைக்குரியது இப்போது தீர்ந்துவிட்டது.

யாம்னியாப் பாடத்தை நான் மாற்றி எழுதினேன். "எருசலேம் வீழ்ந்தபின் யாம்னியாவில் ரபிமார் கூடிக் கற்றனர். அங்கு ஒரு சங்கம் திருமறையின் எல்லையை வகுத்தது என்று 1871-இல் கிரேட்ஸ் எழுதினார். பல பாடநூலாசிரியர் அவரைப் பின்பற்றினர். 1964-இல் லூயிஸ் மூல ஆவணங்களைப் பார்த்து, அதற்குச் சான்றில்லை என்றார். மிஷ்னாவின் பத்தியைப் படித்த அளவில் லூயிஸ் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது" என்பது புதிய குறிப்பு. முந்தையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளம்; வகுப்பில் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது; தேர்வு வினாவாக்குவதும் கடினம். அடுத்த முறை அவ்வழியே சென்றபோது அதன் படி ஒன்றை மூப்பரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "கிரேட்ஸ் என்பவர் யூதரா, கிறிஸ்தவரா, ஐயா?" என்று கேட்டார். யூதர் என்றேன். தம் நோட்டுப்புத்தகத்தை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.